ஏழாம் படுக்கை அம்மாவுக்குப் போட்ட ஊசி

அன்பு மகள் அம்முவுக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். அம்மா நலம், அண்ணன் வீட்டில் நலம், நான் மட்டும் உடம்பால் நலம். அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் தினமும் இருபது நிமிடம் நடக்கச் சொல்லியிருக்கிறார். தெருமுனை வரை போய்த் திரும்பினால் இருபது நிமிடம்தான், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கதை கேட்டு ஒரு கதை சொல்லி வருவதால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கால் வலி குறைந்திருக்கிறதாம், வாய் வலிக்கிறதா என்று கேட்டேன், முறைத்தாள். அண்ணன் குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது, கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், போன வாரம் என் கைக்கடிகார வார் போயிற்று. நீ அனுப்பிய கோட்டு எனக்குக் கை நீளமாக இருக்கிறது. முப்பத்தோரு வருட வேலையில் என் கை நீளமாக இருந்ததில்லை என்று அம்மா அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மு. காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். போன இரண்டு ஞாயிறும் நீ கூப்பிட்டபோது, அப்பாகிட்டப் பேசறியா என்று அம்மா உன்னைக் கேட்பது காதில் விழுந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குளிக்கிறார் என்று அம்மா உன்னிடம் சொன்னாள். சாயங்காலம் நாலு மணிக்குக் குளிக்கிற ஆள் நான் இல்லை என்று உனக்கும் தெரியும். போனில் சொன்னால் நீ நடுவில் பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். எழுதினால் முழுசாக எழுதித்தான் ஆக வேண்டும். என்னைப் போல நீயும் நர்ஸ் என்பதால் உனக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வார்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், இனிஷியல் மட்டும் வேறு. ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, காலைச் சாப்பாட்டுக்கு முன் பதினாறு யூனிட் இன்சுலின், அவர் ஏழாம் படுக்கை. மற்றவர் பை தைத்து விற்கும் அம்மா, அறுபத்தாறு வயது, வயிற்றுவலிக்குச் சேர்ந்திருந்தார், அன்றைக்குப் பதினோரு மணிக்கு வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் வெறும் வயிறு, அவர் ஒன்பதாம் படுக்கை. சர்க்கரை அம்மா அடிக்கடி கழிவறைக்கு எழுந்து போகிறார், ஒன்பதாம் படுக்கை கழிவறையை ஒட்டி இருக்கிறது. இரண்டு பெண்களும் தங்களுக்குள் பேசி இடம் மாற்றிக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அன்று காலை நான் வருவதற்கு அரை மணி முன்பு இளைய நர்ஸ் ஒருத்தி, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், நாங்கள் எல்லாரும் கண்ணாடி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவள் படுக்கையை மாற்றி, ஃபைலையும் மாற்றி வைத்து, சுவரில் இருக்கும் பலகையில் சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தாள். செய்ய வேண்டியது அத்தனையும் செய்திருந்தாள். நான் வந்ததும் பலகையைப் பார்க்கவில்லை, டீ ஆறிவிடுமே என்று டீயைப் பார்த்தேன்.

ஏழு ஐம்பதுக்கு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஏழு என்றால் இன்சுலின், அது என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. கால்மாட்டில் நின்று பெயரைச் சொன்னேன், ஆமாம் என்றார், இருக்காதா பின்னே, அவர் பெயரும் அதுதானே. பெயரும் நம்பரும் எழுதிய கைப்பட்டை போர்வைக்குள் இருந்தது, போர்வையை விலக்கிப் பார்க்க எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். ஊசியை எடுத்ததும் அந்த அம்மா, எனக்கு எதுக்குத் தம்பி ஊசி, நேத்தெல்லாம் போடலையே என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டாக்டர் எழுதியிருக்காரும்மா, பேசாம இருங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்றேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். நல்லாப் பேசற ஆளு என்று எனக்கு வார்டில் பெயர் அம்மு. பேசியே போட்டுவிட்டேன்.

எங்கள் மருத்துவமனையிலும் இன்சுலினுக்கு இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. போட்டவர் என்று ஒரு கட்டம், சரிபார்த்தவர் என்று ஒரு கட்டம். வண்டி மேசைக்குத் திரும்பியதும் கண்ணாடி சிஸ்டரிடம் ஃபைலை நீட்டிக் கையெழுத்துப் போடும்மா என்றேன். சார், நான் பாக்கலையே என்றாள். நான் பார்த்துட்டேன், போடு என்றேன். எட்டு மாதம்தான் ஆகிறது அவள் சேர்ந்து, இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை, வார்டுக்கே பெரியவன் சொன்னால் என்ன செய்வாள், போட்டாள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு ஃபைலை மூடினேன். மேல் அட்டையில் படுக்கை எண் ஏழை அடித்து ஒன்பது என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். ஏழில் படுத்திருந்தது சர்க்கரை அம்மா இல்லை, பை தைக்கும் அம்மா. அப்போது மணி எட்டே கால்.

இந்த இடத்தில் நான் எழுந்து இருபது அடி நடந்து டாக்டர் அறைக்குப் போயிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஊசி போட்டதற்கு வெட்கப்படுகிறேன், ஆனால் அது தெரியாமல் நடந்தது. இதற்கு மேல் வருவதெல்லாம் தெரிந்தே செய்தது. நான் பழச்சாறு எடுத்து நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன். சாப்பிடக் கூடாதுன்னு நேத்தே சொன்னாங்களே தம்பி என்று தயங்கினார். இப்போ குடிக்கலாம், நான் சொல்றேன்ல என்றேன். பாவம், பாதி குடித்தார், மீதிக்குக் குமட்டுகிறது என்று வைத்துவிட்டார். டம்ளரை நானே கழுவிக் கவிழ்த்து வைத்தேன். யூனிட் ரொம்ப இல்லை, உள்ளே சர்க்கரை போயிருக்கிறது, சமாளித்துவிடலாம், அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது, இப்போது போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று மனசு கணக்குப் போட்டது. ஒரு மனுஷி உயிர் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம். எழுதும்போதே கூசுகிறது.

ஒன்பதே கால் மணிக்கு அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, வாய் குழறியது, மகள் வந்திருந்தாள், அவளைத் தன் தங்கை என்று நினைத்துப் பேசினார். சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் ஒரு முறை விரலில் குத்திப் பார்ப்போம் என்று அந்தக் கண்ணாடி சிஸ்டருக்குத்தான் தோன்றியது. ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தி நாலுதான் இருந்தது. டாக்டர் ஓடி வந்தார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஐந்து நிமிடத்தில் தெளிந்து உட்கார்ந்தார். வெறும் வயித்துல இருந்ததாலயா இருக்கும் என்றார் டாக்டர். அவள் மட்டும் என் பக்கம் திரும்பி, சார், சாப்பிடாம இருந்தா முப்பத்தி நாலு வரைக்குமா இறங்கும் என்று கேட்டாள். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, என்னிடம் கற்றுக்கொள்ளக் கேட்டாள். சில பேருக்கு இறங்கும்மா என்றேன். உனக்குத் தெரியும், உள்ளே இன்சுலின் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தொடர்ந்து குளுக்கோஸ் போடுவார்கள், கால் மணிக்கொரு தரம் பார்ப்பார்கள். தெரியாத டாக்டர் என்ன செய்வார்? தெளிந்துவிட்டார் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு மட்டும் தெரியும், பத்து மணிக்கு மேல்தான் அந்த மருந்து முழு வேகத்தில் இருக்கும் என்று. தெரிந்தும் மாத்திரைப் பெட்டியை அடுக்குவது போல அடுக்கிக்கொண்டு இருந்தேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

பத்தே முக்காலுக்குப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப் போகத் தள்ளுகட்டில் வந்தது. ஏற்றும்போதே கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது, கண் மேலே போய்விட்டது. அம்மா அம்மா என்று அந்த மகள் போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் அம்மு என் வாய் திறந்தது. நான்தான் போட்டேன், பதினாறு யூனிட் இன்சுலின், ஏழு ஐம்பதுக்கு, ஆளு மாத்திப் போட்டுட்டேன் என்று சொன்னேன். டாக்டர் என் மகன் வயசுப் பையன். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். மூணு மணி நேரமா என்றார். அந்த மூன்று வார்த்தையையும் அவர் கோபமாகச் சொல்லவில்லை, நம்ப முடியாமல் சொன்னார். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் எல்லாம் வேகமாக நடந்தது, தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள், விடாமல் குளுக்கோஸ் ஓடியது. சாயங்காலம் கண் விழித்தார். மறுநாள் மதியம்தான் மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார். உயிருக்கு ஒன்றும் இல்லை, நினைவும் முழுசாகத் திரும்பிவிட்டது, அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நீ பதறியிருப்பாய்.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அன்று மதியம் தலைமை நர்ஸ் அம்மா விசாரித்தார், மேசைக்கு இந்தப் பக்கம் நானும் கண்ணாடி சிஸ்டரும். படுக்கையை யார் மாத்தினது என்று கேட்டார், நான்தான் மேடம் என்றாள் அவள். சரிபார்த்தவர்ல இருக்கறது உன் கையெழுத்துதானே, பாத்துத்தான் போட்டியா என்று கேட்டார். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பாக்காமத்தான் மேடம் போட்டேன் என்றாள். யார் சொல்லிப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என்னை அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை, விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளைத்தான் அனுப்பினார்கள். தலைப்பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு போனாள், போகிற போக்கில் ஒன்பதாம் படுக்கைக்கு அடுத்த வேளை இன்சுலின் எப்போது என்று இன்னொருத்தியிடம் ஞாபகப்படுத்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, நம்ம பொண்ணு அன்னைக்கு அழுதுகிட்டே கூப்பிட்டப்போ நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். ஞாபகம் இல்லாமல் என்ன. மூன்று வருடத்துக்கு முன், நீ அங்கே வேலைக்குப் போன புதிதில், ஒரு குழந்தைக்கு ஏற்கெனவே காய்ச்சல் மருந்து கொடுத்தது தெரியாமல் நீயும் கொடுத்துவிட்டாய். உடனே டாக்டரிடம் சொல்லி, எழுதிக் கொடுத்து, குழந்தையின் அம்மாவிடமும் போய்ச் சொன்னதாகக் கூப்பிட்டுச் சொன்னாய். குழந்தை நல்லாத்தானே இருக்கு, உன்ன யாரு எழுதிக் கொடுக்கச் சொன்னது, வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா, பிழைக்கத் தெரியாதவளா இருக்கியே என்று கத்தினேன். சரிப்பா என்று போனை வைத்தாய். அதிலிருந்து நீ என்னிடம் பேசுவதெல்லாம் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்பதுதான், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அது எனக்குப் புரிந்துதான் இருந்தது, வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு இருபத்து நாலு வயதில் தெரிந்தது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் தெரியவில்லை. நான் அன்று சொன்னது தப்பு அம்மு. ஏதோ கோபத்தில் வந்த வார்த்தை இல்லை, நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன், அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

மறுநாள் காலை தலைமை நர்ஸ் அம்மா வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றேன். படுக்கை மாற்றியதில் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, பலகையில் எழுதியிருந்தாள், நான் பார்க்கவில்லை, கையெழுத்து நான் அதட்டிப் போட வைத்தது, அவளிடம் மட்டுமில்லை, பல வருடமாக எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குகிறேன் என்று சொன்னேன். பழச்சாறு கொடுத்ததையும் சொன்னேன், அது அதுவரை யாருக்கும் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். ஊசி மாறிப்போறது எனக்கும் நடந்திருக்கு சார், அந்த மூணு மணி நேரத்ததான் என்னால தாங்க முடியல என்றார். கண்ணாடி சிஸ்டரை அன்றே திரும்பக் கூப்பிட்டார்கள். நான் ஆறு மாதம் மருந்து வண்டியைத் தொடக் கூடாது, பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. போனது போகட்டும், அதைப் பற்றி நான் அழவில்லை.

அழுதது வேறு இடத்தில். அந்த அம்மா தெளிந்த பிறகு டாக்டரும் தலைமை நர்ஸ் அம்மாவும் நானும் போய் நடந்ததைச் சொன்னோம். மற்றவர்கள் சொல்லட்டுமா என்றார்கள், நானே சொல்கிறேன் என்றேன். மகள் எழுந்து நின்று கத்தினாள், எங்கம்மா செத்திருந்தா இப்படித்தான் வந்து நின்னிருப்பீங்களா என்று கேட்டாள். செத்திருந்தால் வந்து நின்றிருப்பேனா என்றே எனக்கு நிச்சயம் இல்லை. அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, நான் கேட்டேன்ல தம்பி, எனக்கு எதுக்கு ஊசின்னு என்றார். திட்டவில்லை. தான் சரியாகத்தான் கேட்டோமா என்று உறுதி செய்துகொள்வது போல இருந்தது. ஆமாம்மா, கேட்டீங்க என்றேன். வெளியே வந்து துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன், மடித்து வைத்திருந்த ஒரு போர்வையை நாசம் பண்ணிவிட்டேன்.

சம்பவ அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்தார்கள், அதில் கடைசிக் கேள்வி, இது நடக்காமல் எப்படித் தடுத்திருக்கலாம் என்பது. நாலு நாள் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடக் கூடாது, கைப்பட்டையைப் பார்க்காமல் ஊசி எடுக்கக் கூடாது, பார்க்காதவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, எல்லாம் எழுதினேன், எல்லாம் சரி, எல்லாம் ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருப்பதுதான். கடைசியில் அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். நோயாளி கேட்டார், நான் கேட்கவில்லை. தலைமை நர்ஸ் அம்மா படித்துவிட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்போது காலையில் கண்ணாடி சிஸ்டர்தான் வண்டி தள்ளுகிறாள். நான் பக்கத்தில் நின்று இரண்டாவது ஆளாகப் பார்க்க வேண்டும், தொட மட்டும் கூடாது. முதல் நாள் என் முகத்தைப் பார்க்காமலே, சார், பேரு சொல்லுங்க, பட்டை நம்பர் சொல்லுங்க என்றாள். சொன்னேன். என்ன மருந்து, எவ்வளவு, படிங்க என்றாள். படித்தேன். இருவருக்கும் சங்கடம், ஒரு வாரம் கழித்துத்தான் கொஞ்சம் இயல்பாயிற்று. முந்தாநாள் ஒரு மாத்திரை அட்டையில் அளவு மாறியிருந்ததை நான் பார்த்துச் சொன்னேன், நல்ல வேளை சார் என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன் சார் என்றாள், இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள், யோசிக்கட்டும்.

உன்னிடமும் அதேதான் கேட்கிறேன், நீயும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் யோசித்துக்கொள். அந்தக் குழந்தை விஷயத்தில் பிறகு என்ன ஆயிற்று, அந்தத் தாய் என்ன சொன்னார், உனக்கு எவ்வளவு பயமாக இருந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் போல இருந்தால் சொல். முழுசாகக் கேட்கிறேன், நடுவில் பேச மாட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குள் போக மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்காதே, தூக்கம் இல்லாமல் நோயாளி மருந்தைக் கையில் எடுக்காதே, யார் அவசரப்படுத்தினாலும் பட்டையைப் பார். பெரியவர்கள் யாராவது நான் பார்த்துட்டேன், கையெழுத்துப் போடு என்றால் போடாதே, அது நானாகவே இருந்தாலும் போடாதே. இந்தக் கடிதத்தை உன் வார்டுப் பெண்களுக்குப் படித்துக் காட்டினால் பிரயோஜனப்படும் என்று தோன்றினால் காட்டு, ஒன்றையும் மறைக்க வேண்டாம். யார் எழுதினது என்று கேட்பார்கள். எங்கப்பா என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் யாரோ தெரிந்தவர் என்று சொல்லிவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு, உன் கை பட்டவர்களெல்லாம் சுகமாகி வீட்டுக்குப் போகட்டும். அம்மாவின் ஆசியும் முத்தமும் இதோடு சேர்த்து.

என்றும் உன் நினைவாக,
அப்பா